பெட்டிக்கு வைத்த காவல்

வெயிலில் அலையாமல் வீட்டு நாற்காலியில் இருந்தபடியே வேலையை முடிப்பதைப் போன்ற நிம்மதி வேறில்லை, சார். அந்த ஆஸ்பத்திரியில் மாடிக்கு மாடி சுவிட்ச் பெட்டிகள் உண்டு. கட்டிலருகே இருக்கும் மானிட்டர்களை நர்ஸ் மேஜையோடு இணைப்பவை அவைதான். அவற்றை வீட்டிலிருந்தே இயக்கும்படி அமைத்தவன் நான்.

வேலையில்லாமல் திரிந்த மச்சினனை அங்கே சேர்த்துவிட்டவனும் நான்தான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். பிடுங்கினான். என் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான், என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். "அத்தான் பழைய ஆளு, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்தான். மாமனாரும் கூடச் சிரித்தார். ஆனால் அந்தப் பெரிய ஆள் என் பாஸ்வேர்டை மாற்ற மறந்திருந்தான்.

பிறகு மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து அங்கேயே சேர்த்தார்கள். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அந்த வார்டின் பெட்டியை முடக்கினேன். மச்சினன் கொஞ்சம் முழிக்கட்டும், உடனே சரிசெய்துவிடலாம் என்றுதான். ஆனால் நான் உள்ளே போகும் வழியும் அந்தப் பெட்டிதான். உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டிவிட்டேன். எங்கள் தொழிலில் இது சகஜம்.

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "என்னங்க, மானிட்டர் எதுவும் நர்ஸுக்குத் தெரியலையாம். கட்டில் கட்டிலா ஓடுறாங்க. தம்பிக்கு எந்தப் பெட்டின்னே புரியல. உங்களுக்குத் தெரியுமா?"

கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி. போய் அணைத்து மறுபடி போட்டால் போதும், பழையபடி ஓடும்.

"அவன்கிட்டயே கேளு. அவன்தானே கெட்டிக்காரன்" என்றேன்.

நர்ஸுகள் மாமனாரின் கட்டிலுக்கு வந்தபோது நேரம் கடந்திருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து பெட்டியில் கை வைப்பவன் முதலில் ஒரு காவல் வைப்பான்: சற்று நேரத்தில் என்னிடமிருந்து பதில் வராவிட்டால் நீயாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடு என்று பெட்டிக்குச் சொல்லிவைப்பது. பழக்கதோஷம், அன்றைக்கும் அதை வைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்து நானே எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் முடக்கினேன். அது இருந்திருந்தால் பெட்டி தானே சரியாகி, மச்சினன் நல்ல பெயர் வாங்கியிருப்பான்.

மாமனார் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, சார். வேலை தெரியாதவனை வைத்தால் உயிர்தான் போகும் என்று அன்றைக்கே சொன்னேன்.