காங்கேசன்துறைக்குப் போகாத கப்பல்

ஐயோ அங்கிள், மொதல்ல போன கீழ வைங்க! யாழ்ப்பாணத்துல இன்னும் விடியவே இல்ல, உங்க தங்கச்சிய ஏன் எழுப்புறீங்க? நான் அவங்க ஊருக்குப் போகலன்னு சொல்லத்தானே வந்திருக்கேன்!

இல்ல, கேன்சல் எல்லாம் ஆகல. அன்னிக்கு நான் காங்கெர்லுசுவாக்னுதான் சொன்னேன். நீங்க காங்கே வரைக்கும் கேட்டுட்டு, சன்துறைய நீங்களே போட்டுக்கிட்டீங்க. நான் வாயத் திறக்குறதுக்குள்ள கட்டிப்புடிச்சு, எங்கட ஊருக்குப் போற பெடியனுக்குத்தான் என்ர பிள்ளைன்னுட்டீங்க. உங்க பொண்ணு கஜானியக் கேட்டதுக்கு ரெண்டு வருஷமா என்னை முறைச்சவரு! அந்த நேரத்துல எவன் அங்கிள் உச்சரிப்பு கிளாஸ் எடுப்பான்?

அது கிரீன்லாந்துல இருக்கு. உலக உருண்டை உச்சியில வழுக்கை மாதிரி வெள்ளையா தெரியும்ல, அங்க. அது ஒரு ஃபியோர்டு. பனி ஆறு மலையக் குடைஞ்சு விட்ட பள்ளத்துல கடல் சந்து பிடிச்சு உள்ள போயிருக்கும். இங்க நியூசிலாந்துல நம்ம மில்ஃபோர்ட் சவுண்டும் ஃபியோர்டுதான், சவுண்டுன்னா வேற மாதிரி கடல் சந்து, பேர் வச்ச ஆளு சொதப்பிட்டாரு. நீங்ககூட அங்க போய், சவுண்ட் ஒண்டையும் காணேல்லையேன்னு கேட்டீங்களாமே!

அந்தப் பேருக்கு அர்த்தமா? பெரிய ஃபியோர்டு. அவ்ளோதான். எங்க பக்கம் பெரியகுளம்னு வைக்கலையா? கிழக்கால அதே பேர்ல இன்னொண்ணும் இருக்கு, எங்க பாத்தாலும் ஒரு புதூர் இருக்கிற மாதிரி. பேர நம்பவே கூடாது அங்கிள். இந்த கிளென் ஈடன்ல ஏதேன் தோட்டமா இருக்கு? டெய்ரின்னு ஒரு பொட்டிக்கடைதான் இருக்கு. எனக்கும் வெற்றின்னுதான் பேர் வச்சாங்க.

ஆமா, ஜியாகிராபி பாதிதான் படிச்சேன். வட துருவம் மொதல் பாதியிலயே வந்துருச்சு. தென் துருவம் மட்டும் கேக்காதீங்க.

வேலையா? டூரிஸ்ட் கப்பல் கிச்சன்ல பாத்திரம் கழுவுறது. கோயிலா? அங்க ஏது கோயில்! முடியே வெட்டாத எருமை மாதிரி ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கும். உங்க தங்கச்சிக்குன்னு நீங்க குடுத்த இந்தப் பால்மாவையும் மனுக்கா தேனையும் நான் அதுக்கிட்டயா குடுக்க முடியும்?

முகத்த அப்படி வச்சுக்காதீங்க. பொய்யாவே விட்டுட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனா நீங்க ஊர் பூரா சொல்லி, அப்புறம் நாலு பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுல்ல? அதான் வந்தேன்.

பொண்ணு இல்லன்னு சொல்லப் போறீங்க, தெரியுது. இருங்க, ஒண்ணே ஒண்ணு. கப்பல்ல ரிசப்ஷனுக்கும் ஆள் எடுத்திருக்காங்க. கஜானிய. ஆமா, உங்க கஜானியத்தான். அங்க ஒரு ரூல் இருக்கு, புருஷன் பொண்டாட்டின்னா தனி கேபின். இல்லாட்டி நான் இஞ்சின் பக்கத்துல, குறட்டை விடுற ஏழு பேரோட படுக்கணும். எனக்குக் குறட்டை ஆகவே ஆகாது. அதான் போன வியாழக்கிழமை சிட்டிக்குப் போயி ரெஜிஸ்டர் பண்ணிட்டோம்.

உக்காருங்க, உக்காருங்க. குடிக்கத் தண்ணி கொண்டு வரவா, மாமா?