ராசியான மெஷின்

இந்த நாற்காலியை வெளிச்சத்தில் வைத்து ஒழுங்காகப் படம் பிடித்துப் போட்டால் ஒரே நாளில் விற்றுப்போய்விடும், இன்ஸ்பெக்டர் அம்மா. ஒரு கால் லேசாக ஆடுகிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். குறையை நாமே சொல்லிவிட்டால் வாங்குகிறவருக்கு நம்மேல் நம்பிக்கை வந்துவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. போனை வேறு வாங்கி வைத்துக்கொண்டீர்கள், கை நமநமவென்கிறது.

என் பெயர் கலாதேவி. ஈப்போவில், புந்தோங்கில் நானும் என் அண்ணன் சீனியும் இருந்தோம். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பத்து காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பா அம்மா போனபிறகு அண்ணன்தான் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்து என்னைப் படிக்க வைத்தார். அந்த மருந்துதான் அவர் நுரையீரலைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் இனி முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை மட்டும் நான் பழையதாகப் பார்க்கவில்லை, புதிதாகவே வாங்கிக் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டபிறகு பழைய சாமான் வாங்கி இணையத்தில் விற்க ஆரம்பித்தேன். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். யார் வீட்டிலோ தூசியடைந்து கிடக்கும் மிக்சியை வாங்கி, துடைத்து, இடுக்கில் இருக்கும் அழுக்கையெல்லாம் பல்குச்சியால் சுரண்டி, படம் போடுவேன். முன்பின் தெரியாத ஒருத்தி ‘அக்கா, இன்னும் இருக்கா?’ என்று கேட்பாள். அதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் ஒரு துள்ளல் வரும். ஆனால் பொருள் கேட்டைத் தாண்டிய அடுத்த நிமிடமே மனசு அலைய ஆரம்பித்துவிடும். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவேன். அப்படித்தான் எங்கள் ஷோகேஸ் போனது. அண்ணனின் ரேடியோ போனது. அவருடைய பிரம்பு நாற்காலியும் போனது.

“எங்க புள்ள என் நாக்காலி?”

“சித்தியவானுக்குப் போயிருச்சுண்ணே. நல்ல வீடு.”

“ஒரு நாளைக்கு என்னையும் போட்டோ புடிச்சுப் போட்டுருவ லா.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவருக்குச் சிரித்தால் இருமல் வரும். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஒரு தடவை ஒரு சக்கர நாற்காலி வாங்கி விற்றேன். அது இழவு வீட்டுச் சாமான். நம் ஆட்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. நோயாளி சாமான் வாங்கும்போது துருவையும் டயரையும் பார்ப்பதற்கு முன்னால், இதில் இருந்தவர் எழுந்து நடந்தாரா என்று கேட்பார்கள். நடந்தார் என்றால் ராசியான பொருள், போய்விட்டார் என்றால் ஓசியில் கொடுத்தாலும் தொடமாட்டார்கள். அதை வாங்கிய அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு எப்படியோ தெரிந்துகொண்டு, ‘சாவு வீட்டுப் பொருளை மறைத்து விற்கிறாள்’ என்று எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். அதுவரை எனக்கு எல்லாம் ஐந்து நட்சத்திரம்தான். நான் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனி இப்படி ஒரு பேச்சு வரக்கூடாது என்று சாமி படத்தின் முன் நின்று சொல்லிக்கொண்டேன்.

அண்ணனின் மெஷினைச் சும்மா விலை பார்க்கத்தான் போட்டேன். சத்தியமாகச் சும்மாதான். தைப்பிங்கிலிருந்து விஸ்வலிங்கம் என்று ஒரு பெரியவர் கூப்பிட்டார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் குடும்பம். மனைவி புனிதவதிக்கு மூச்சுத்திணறல்.

“பிள்ளை, அதைப் பாவிச்சவர் இப்ப எப்பிடி இருக்கிறார்?”

“எங்க அண்ணன்தான் ஐயா. நல்லா இருக்காரு.”

“அப்ப ராசியான மெஷின். எனக்கு அதுதான் வேணும். சனிக்கிழமை வாறன். அவரையும் ஒருக்காப் பாக்கலாமோ?”

நான் பொய் சொல்லவில்லை. மெஷினோடு அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் இன்னும் பல வருஷம் இருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் பல வருஷம் ஓடித் தேய்ந்த மெஷினை, அதுவும் அவர் போனபிறகு, யார் வாங்குவார்கள் என்றுதான் தோன்றியது. இப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பயம் அன்றைக்கே போய்விட்டது. அதற்கப்புறம் சனிக்கிழமை எப்போது வரும் என்று தவித்தேன்.

அன்றைக்கு அண்ணனுக்குச் சவரம் செய்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுவிட்டேன். மெஷினைச் சர்வீசுக்கு எடுத்துப்போக ஆள் வருகிறார், அதிகம் பேசாமல் உட்காருங்கள் என்று சொல்லி, மூக்கிலிருந்து குழாயை எடுத்தேன். பெரியவர் வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா இருங்கோ தம்பி” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது.

“மழையில நனைய விடாதீங்க சார்,” என்றார் அண்ணன்.

கார் போனதும் என்னைக் கேட்டார். “எப்ப வரும் புள்ள?”

“சாயங்காலம் வந்துரும்ணே.”

வராது என்று எனக்குத் தெரியும். மெஷின் நின்ற சின்ன மேசை இப்போது காலியாக இருந்தது. அதைப் பின்பக்கம் தூக்கிப்போய்த் துடைத்தேன். மழை விட்டு நல்ல வெளிச்சம். படம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அண்ணன் “புள்ள” என்று கூப்பிட்டார். “இதோ வாரேண்ணே” என்றேன். காது நன்றாகவே கேட்டது, அம்மா. ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாம், போனும் கையில்தான் இருந்தது. அதில் ஒருத்தி, மேசை இன்னும் இருக்கா என்று கேட்டிருந்தாள். அவளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் மறுபடி கூப்பிட்டார். மேசைக் கால் எவ்வளவு உயரம் என்று அவள் கேட்டாள். அளந்து சொன்னேன். பிறகு அண்ணன் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு நவமணி அக்கா உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவர் வந்து பார்த்துக் கத்தியபோதும் நான் பின்பக்கம்தான் இருந்தேன். செய்தது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. அந்தப் பெரியவரை விசாரிக்கப் போகும்போது அண்ணன் போன சேதியைச் சொல்லாதீர்கள். ராசியான மெஷின் என்று நம்பி அந்தப் புனிதவதி அம்மா அதில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். மெஷின் கேட்டைத் தாண்டியபோது அண்ணன் உயிரோடு இருந்தார், கையைப் பிடித்துப் பார்த்தவரே சொல்வார். பொய் சொல்லி நான் ஒரு பொருளையும் விற்றதில்லை. சர்வீஸ் என்று அண்ணனிடம் சொன்னதை அதில் சேர்க்காதீர்கள். அவர் வாங்க வந்தவர் இல்லையே.