ஹில்குரோவுக்கு அடுத்த ஸ்டேஷன்

— கரண்ட்ட நிறுத்தாம எவனாச்சும் டிரான்ஸ்பார்மரக் கட்டிப்புடிப்பானா, ஏம்புள்ள? கையில உறைகூட இல்ல.

— ஏனுங்க, படம் முடிஞ்சு அரைமணி நேரமாச்சு. தியேட்டர்ல இருந்து இந்த டீக்கடை வரைக்கும் அதையேதான் சொல்லிட்டு வர்றீங்க.

— பின்ன? பதினெட்டு வருசமா ஈ.பி.யில லைன்மேனா இருக்கறவனக் கூட்டிட்டுப் போயி இதக் காட்டுனா? எங்க ஏ.ஈ. இஞ்சினியரு பாத்திருந்தா அந்த ஹீரோவுக்கு மெமோ குடுத்திருப்பாரு.

— நான் எழுதுன இடிதாங்கி கரண்ட்ட நிறுத்திப்போட்டுத்தானுங்க கம்பத்துல ஏறுவான். மூணு படக்கதைப் புஸ்தகத்துலயும்.

— இடியவே உடம்புல வாங்கறவன், கரண்ட்டுக்கா பயப்படறான்?

— அவனுக்காக இல்லீங்க. கீழ நிக்கற ஆளுகளுக்காக.

— அது நாயம். படம் எடுக்கறவன் புஸ்தகத்தப் படிச்சுப் பாக்க வேண்டாமா?

— நீங்க படிச்சீங்களா?

— நான் பொம்மை மட்டுந்தான் பாப்பேன். எழுத்து ரொம்பப் பொடிசு புள்ள.

— அதச் சொல்லுங்க. கட்டுன புருசனே படிக்கல, டைரக்டரக் குத்தஞ்சொல்லி என்ன பண்ண.

— அட இரு. உன் பேரு எத்தாசோடு பெருசா வந்துச்சு! ‘கதை, சித்திரம்: ராஜப்ரியா’ன்னு. விசிலடிச்சனே, கேட்டியா?

— நீங்க ஒருத்தர்தான் அடிச்சீங்க. முன்சீட்டு அம்மா திரும்பி மொறச்சாங்க.

— மொறச்சா மொறைக்கட்டும். என்ற பொண்டாட்டி பேரு.

— பேருக்கப்புறம் என்ன வந்துச்சுன்னு சொல்லுங்க பாப்போம். மழைக்கோட்டப் புடுங்கிட்டுத் தோல் அங்கி மாட்டிவிட்டுட்டாங்க. கட்டிங் பிளேயரு இருந்த கையில மின்னல் ஈட்டி. சட்டையக் கழட்டுனா வயித்துல எட்டுக் கட்டு.

— எனக்கும் ஒரு கட்டு இருக்குது. பெருசா ஒண்ணே ஒண்ணு.

— சிரிக்காதீங்க. எஸ்டேட்ல கொழுந்து பறிக்கற பொம்பளைக பட்டுச்சேலை கட்டியிருக்கறாங்க. ஊட்டிக் கதைக்குப் பொகை மெசினு வெச்சுப் பனிமூட்டம் காட்டறாங்க. வில்லன் வேற கிரகத்துல இருந்து வர்றான். நான் எழுதுனதுல வில்லனே கெடையாதுங்க. ஆடிக்காத்தும், லைன் மேல சாயற கற்பூர மரமுந்தான்.

— அந்த மரத்தவிட வில்லன் எவன் இருக்கறான்? போன ஆடியில பெர்ன்ஹில்லுல ஒண்ணு சாஞ்சு, மூணு நாளு என்னைய ஊட்டுக்கே உடல. ... உன்ற போனு அடிக்குது பாரு.

— அடிக்கட்டும்.

— யாரு?

— படக்கம்பெனி மேனேஜருங்க. ரெண்டாம் பாகத்துக்குக் கையெழுத்து வேணுமாம். சேரிங்கிராஸ்ல லாட்ஜுல உக்காந்திருக்கறாரு. நாலு மணிக்குக் கோயமுத்தூருக்கு எறங்கறாரு. அதுக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லோணும்.

— மணி மூணரை ஆச்சு. ஆமான்னு போடு.

— போட்டுட்டு? இன்னொரு தடவ இதே மாதிரி ஒக்காந்து பாக்கவா?

— போடலீன்னா?

— படம் இல்லீங்க. இடிதாங்கி நம்ம கட்டிலுக்கு அடியில, கட்டுப் பிரிக்காத புஸ்தகத்தோட கெடப்பான்.

— பாவம் புள்ள. அங்க ஒரே எலி.

— அதச் சொல்லுங்க. நான் அழுகறதா சிரிக்கறதா?

— டீயக் குடி மொதல்ல. ஆறுது. கோட்டு, ஈட்டி, பட்டுச்சேலை, எல்லாஞ் சொன்ன. இதுக்கா மூஞ்சி இப்படி இருக்குது? வேற என்னமோ இருக்குது.

— இருக்குதுங்க. அவனுக்குப் பயமே இல்லாமப் பண்ணிட்டாங்க.

— என்ன பயம்?

— நீங்கதான் படிக்கலியே. இடிதாங்கிக்கு உசரம்னா பயமுங்க. கம்பத்துல கால வெச்சா ஒடம்பு வேர்த்துரும். அதனால மலை ரயிலு ஸ்டேஷன் பேரச் சொல்லிட்டே ஏறுவான். ஒரு காலுக்கு ஒரு ஸ்டேஷன். கல்லாறு, அடர்லி, ஹில்குரோவு, காட்டேரி, குன்னூருன்னு. ஊட்டி வந்தா உச்சி வந்துரும். புஸ்தகத்துல எனக்குப் புடிச்சதே அந்த ஒரு பக்கந்தான்.

— படத்துல அவன் பறக்கறானே.

— ஆமாங்க. போஸ்டர்ல பறக்கறதப் பாத்தப்பவே டைரக்டருகிட்டப் போன்ல கேட்டேன். ‘பயப்படற ஹீரோவுக்கு எவன் மேடம் விசிலடிப்பான்’னாரு.

— நீ என்ன சொன்ன?

— போன வெச்சுட்டேன்.

— ம்... சரி, அந்தப் பயத்த எங்கிருந்து புடிச்ச?

— சும்மா தோணுச்சு.

— இல்ல, எங்க ஆபீசுல அத்தன பேரும் ‘நாச்சிமுத்துதான் இடிதாங்கி’ங்கறானுக. கூட வேல பாக்கற பாண்டியராஜ் எனக்கு டீ கூட வாங்கித் தர்றான். நானும் மீசைய முறுக்கிட்டுத் திரியறேன். பதினெட்டு வருசத்துல நான் ஒரு நாளு பயந்திருப்பனா?

— நீங்க பயந்தீங்கன்னு யாரு சொன்னா? கோட்டும் கட்டிங் பிளேயரும் உங்களது. பயம் என்னோடது. லைன்மேன் பொண்டாட்டிக்குப் பயத்துக்கா பஞ்சம்?

— அதானே.

— அதேதான்.

— ... மறுபடியும் அடிக்குது.

— அவருதாங்க. என்ன சொல்லட்டும்? நீங்க சொல்றதச் சொல்லிடறேன். எனக்கு ரோசன ஓடல.

— அவனுக்குப் பயம் வேணும்னு சொல்லு.

— என்னங்க?

— காகிதத்துல எழுதித் தரச் சொல்லு. பயம் இருந்தாக் கையெழுத்து. இல்லீன்னா எலியோட இருக்கட்டும், நம்ம ஊட்டு எலிதானே.

— நெசமாத்தான் சொல்றீங்களா? இத்தன நேரம் போடு போடுன்னீங்க.

— படத்துல என்ன கொறையுதுன்னு எனக்கும் தெரியாமத்தான் டிரான்ஸ்பார்மரத் திட்டிட்டு இருந்தேன். அப்புறம் இன்னொண்ணு. புஸ்தகத்துலயும் ஒரு தப்பு இருக்குது. அடுத்த தடவ அச்சுப் போடறப்பத் திருத்திரு.

— பொம்மை மட்டுந்தான் பாப்பேன்னீங்க!

— அட, மூணையும் படிச்சிருக்கறேன். கம்பத்தடி வண்டியில ஒக்காந்து. ஹில்குரோவுக்கு அடுத்தது காட்டேரி இல்ல புள்ள. நடுவால ரன்னிமேடு இருக்குது.

— இருக்கவே முடியாதுங்க. கம்பத்துக்குக் கீழ சோத்துத் தூக்குப்போசியோட நின்னு, எத்தன நாளு கேட்டிருக்கறேன்! ஹில்குரோவு சொல்லுவீங்க, கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, அப்புறம் காட்டேரி. ரன்னிமேடுன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே.

— சொல்லுவேன். அந்த எடத்துலதான் எனக்குக் குரலு வராது.