யாருக்காவது கொடுக்கலாம்

வீட்டை ஒழிக்கும்போது பெரிய சாமான்களால் தொல்லையில்லை. மூடி தொலைந்த டப்பாக்கள்தான் உயிரை வாங்கும். எறிய மனம் வராது, வைத்துக்கொள்ளவும் வழியிருக்காது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பத்து நாளும் நான் சதி செய்துகொண்டிருந்தது போலத் தெரிகிறது. பெரும்பாலும் டப்பாதான் கழுவிக்கொண்டிருந்தேன்.

அண்ணா நில அளவையாளராக இருந்தவர். கண் நரம்பு கெட்டுப் பார்வை போயிற்று. மறு வருஷமே அண்ணியும் போய்ச் சேர்ந்தாள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சின்னதாகத் தையல் கடை வைத்திருந்தேன். "கொஞ்ச நாள் வந்து இரு" என்றார். மெஷினை விற்றுவிட்டு வந்தேன். அந்தக் கொஞ்ச நாள் பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

கண் போனாலும் அவருக்கு அளவு போகவில்லை. மாடியில் சுவரைத் தடவிக்கொண்டே வருவார். மர அலமாரியின் மூலை கையில் தட்டுப்பட்டால், அங்கிருந்து படிக்கட்டுக்கு ஐந்து காலடி. ஒரு ஸ்டூல் சாண் அளவு நகர்ந்தாலும் நான் சொல்லிவிட வேண்டும். ஒரு நாளும் தவறியதில்லை.

அவர் மகன் தன்னோடு வந்துவிடச் சொன்னான். வீட்டை வாங்கவும் ஆள் கிடைத்தது. அண்ணா நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நான் ஒவ்வொரு பொருளாகக் கையில் கொடுப்பேன். தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். எடுத்துப் போக வேண்டியது, விற்க வேண்டியது, மிச்சமெல்லாம் யாருக்காவது கொடுக்கலாம். பாடாத ரேடியோவை எடுத்துப் போகச் சொன்னார். அண்ணியின் புடவைகளைக் கொடுத்துவிடச் சொன்னார். எட்டாம் நாள் குடைகளை எடுத்துக் கொடுக்கும்போது கேட்டேன்.

"அங்க எனக்கு எந்த ரூம்ண்ணா?"

"நீ அங்க எதுக்கு? சித்தப்பா மக வீட்ல சமைக்க ஆள் இல்லையாம். உன்ன அனுப்புறேன்னு சொல்லிட்டேன். மாடா உழைப்பான்னும் சொல்லியிருக்கேன்."

"என்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"இதுல கேக்க என்ன இருக்கு? அந்தக் குடையில கம்பி சரியா இருக்கா பாரு."

சரியாகத்தான் இருந்தது. அதை எடுத்துப் போகலாம் என்றார்.

பத்தாம் நாள் காலையில் அவர் மாடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, கட்டிலை வாங்கியவர்கள் இரண்டு பேர் தூக்கிப் போக வந்தார்கள். அலமாரி வழியை அடைக்கிறது, படிக்கட்டுப் பக்கமாகத் தள்ளுங்கள் என்றேன். உங்களிடமும் முதலில் அதையே சொன்னேன். கட்டில் வெளியே போன பிறகும் அது அங்கேயே இருந்தது. எவ்வளவு தூரம் தள்ளினார்கள் என்று கேட்டீர்கள். நான்கு காலடி. நடந்து பார்த்துத்தான் போதும் என்றேன்.

குளித்துவிட்டு வந்தவர் பாதியில் நின்றார். சுவர் நீளமாகப் பட்டிருக்கும்.

"சின்னவளே, எல்லாம் அதது இடத்துலதானே இருக்கு?"

"இருக்குண்ணா. காபி ஆறுது, வாங்க."

மூலையைத் தொட்டார். அவர் முகம் தெளிந்ததைக் கீழேயிருந்து பார்த்தேன். இரண்டாவது காலடியில் விழுந்தார்.

தள்ளினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் அவரைத் தொடக்கூட இல்லை. அப்போது மணி ஒன்பது. வீட்டை வாங்கியவர் சாவிக்கு வந்தபோது பதினொன்றரை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் குரல் நின்றது. அதுவரை, "சின்னவளே, எங்க இருக்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மூன்று அடி தள்ளித் தரையில் உட்கார்ந்து கோப்பைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். காகிதம் சரசரக்காமல் சுற்றினேன்.

பத்தொன்பது வருஷம் அவர் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடியவள் நான். ஒரே ஒரு நாள் போகவில்லை, அதைப் போய்க் கொலை என்கிறீர்கள்.