உள்கைப்பிடி கழற்றிய கார்

பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் கறை போனதுபோலத் தெரியும். நாலு நாளில் குடும்பத்தோடு திரும்பி வரும். முதலில் காயவைக்க வேண்டும். பிறகு பிரஷ்ஷால் பதமாகத் தட்டி, தூசியை மெஷின் வைத்து இழுத்து, கடைசியில்தான் மருந்து. இது தெரியாதவர்கள் நிறையப் பேர் சந்தோஷமாக வாழ்கிறார்கள். என் தங்கை புருஷனும் அப்படித்தான் வாழ்ந்தார்.

அது எங்கள் அப்பாவின் கார். என்னைவிட மூத்தது. அதன் தோல் சீட்டுகளுக்கு எண்ணெய் பூசிப் பூசிக் காப்பாற்றியவன் நான். அப்பா அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். எனக்கு வருத்தம் எதுவுமில்லை என்று அப்போதே எல்லோரிடமும், கேட்காதவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

குரங்கு கையில் பூமாலை. கண்ணாடியை இறக்கிவிட்டு, மழைக்காலம் முழுக்க பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி வைத்திருந்தார். என் ஷெட்டுக்கு அது வந்தபோது சீட்டெல்லாம் சாம்பல் நிறத்தில் ரோமம் முளைத்திருந்தது. கூரைத்துணி முழுக்கக் கரும்புள்ளி.

"லேசா அழுக்கு மச்சான். சென்ட் அடிச்சுப் பார்த்தேன், போகல" என்றார்.

நான் சிரித்து வைத்தேன்.

"ரொம்ப மெனக்கெடாதீங்க. எப்படியும் எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு சிவப்பு ரெக்சின் போடப்போறேன். பளபளன்னு இருக்கும்."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. நான் வேலையைத் தொடங்கினேன்.

கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டுமானால், முதலில் உள்கைப்பிடியையும் கண்ணாடி ஏற்றும் பிடியையும் கழற்ற வேண்டும். நாலு கதவிலும் கழற்றி டப்பாவில் போட்டிருந்தேன். பூஞ்சணத் தூசி பக்கத்து வீட்டுக்குப் போகாதபடி கண்ணாடிகளை ஏற்றியிருந்தேன். கார் ஷெட்டுக்குப் பின்னால் வெயிலில் நின்றது. உள்ளே தட்டி முடித்து, மெஷினை எடுக்க வெளியே வந்தேன். காருக்குள் தூசி புகைபோல மிதந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை பனியனோடு வந்தார். புழுக்கம் என்று சட்டையை ஷெட்டில் மாட்டியிருந்தார். என் முகமூடியைப் பார்த்து, "என்ன மச்சான், ஆபரேஷனா?" என்றார். அவருக்கு இளைப்பு உண்டு. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போலக் கதவை ஓங்கிச் சாத்தினார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். அந்தக் காரில் அவருக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

நான் அவரைத் தள்ளவில்லை. ஏறாதீர்கள் என்று சொல்லவும் இல்லை.

முதலில் இருமினார். பிறகு கைப்பிடி இருந்த இடத்தைத் தடவினார். பிறகு கண்ணாடியைத் தட்டினார். அதை உடைக்கிற அளவுக்கு மூச்சு அவரிடம் இல்லை. வெளியே நான் நின்ற இடத்திலிருந்து ஒரு விரலால் இழுத்தால் திறக்கிற கதவு அது. அவர் என்னையே பார்த்தார். நான் மெஷின் குழாயில் அடைத்திருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டுக்குள் தங்கையின் குரல் கேட்டது. போனேன்.

"அண்ணா, அவரு எங்க? சட்டை இங்க தொங்குது. இன்ஹேலரும் இதுலயே இருக்கு."

"கடைப்பக்கம் போனாரு. வந்துடுவாரும்மா."

நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவாள். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு நடந்தாள், அவரிடம் கொடுப்பதற்காக.

நான் திரும்பி வந்தபோது தட்டும் சத்தம் இல்லை. நாலு கதவையும் திறந்துவைத்தேன். முன்சீட்டின் முதுகில் அவருடைய செருப்புத் தடம் இருந்தது. அதைத் துடைத்துவிட்டுத்தான் தங்கையைக் கூப்பிட்டேன்.

பதற்றத்தில் கை கால் ஓடவில்லையா என்று கனிவாகக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நன்றாகவே ஓடின. நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அவர்மேல் எனக்கு ஒருநாளும் ஆத்திரம் இருந்ததில்லை.