காய்ச்சல் சிவப்பு

பேஸ்டல் என்கிற வண்ணக்கட்டி ஓவியத்துக்கு ஈரம் ஆகாது. அந்த வகையில், மழை எட்டிப்பார்க்காத கோவில்பட்டி எனக்குத் தோதான ஊர் அய்யா.

என் பெயர் செண்பகராஜ். தீப்பெட்டி லேபிளுக்குப் படம் போடுகிறவன். நான் வரைந்த கிளியைக் கோழி என்று சொல்லிக் கேட்டு வாங்கியவர்கள் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு, ஓர் ஆளை ஒரு தடவையாவது உயிரோடு வரைந்துவிட ஆசை. எழுபத்தெட்டாம் வருசம் மதுரைக்குப் போய் நாற்பத்தெட்டு நிறப் பெட்டி வாங்கி வந்தேன். என் மனைவி சொர்ணத்தாயை உட்கார வைத்தேன். வேறு யார் நமக்கு உட்காருவார்கள்?

சொரசொரப்பான சாம்பல் காகிதம். முதலில் இருட்டு, அதன்மேல் வெளிச்சம். கோட்டின் மேல் கோடாக நிறம் ஏற வேண்டும். விரலால் தேய்த்தால் முகம் மாவாகிவிடும். நான் தேய்த்தேன். பத்துப் படத்திலும் அவள் கொழுக்கட்டை மாதிரி இருந்தாள். பார்த்து அவளே சிரித்தாள்.

போன புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாநிறக் கன்னத்துக்கு அடியில் ஒரு சிவப்பு ஏறியது. அதைக் கண்டதும் என் விரல் தேய்க்க மறந்தது. மஞ்சள் கோட்டின் மேல் சிவப்புக் கோடு. முதல்முறையாகக் காகிதத்தில் ஒரு மனுஷி தெரிந்தாள்.

அவள் தம்பி அழகிரிசாமி மாத்திரை வாங்கி வந்தான். "அத்தான், நான் நாகலாபுரம் போயிட்டு வாரேன். அக்காவுக்கு மூணு வேளையும் மறக்காமக் குடுங்க" என்றான்.

மறக்கவில்லை. கொடுத்தால் சிவப்பு இறங்கிவிடும். பெட்டியில் வெள்ளைக் கட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன். நெற்றியில் கிடந்த ஈரத்துணியையும் எடுத்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவமா?" என்றாள்.

"இந்தக் கன்னத்த முடிச்சிருதேன். அசையாத."

"எம் மூஞ்சிய ஒட்டுனா எவன் தீப்பெட்டி வாங்குவான்? எதுக்கு இந்தப் பாடு படுதீய?"

இரண்டு நாள் தலையணையில் சாய்ந்தபடியே இருந்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மூன்றாம் நாள் காலையில் கேட்கவில்லை. கை குளிர்ந்திருந்தது. அதுவரை நடுங்கி நடுங்கி என்னைப் படுத்திய அவள் விரல்களை அன்றுதான் முடிக்க முடிந்தது. உச்சிவெயில் வரை வரைந்தேன். பிறகுதான் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன்.

அழகிரிசாமி என்னைக் கொலைகாரன் என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறான். மாத்திரையை மறைத்தது நான். செத்தது தெரிந்தும் வரைந்தது நான். அதில் தகராறு இல்லை. ஆனால் அவளுக்கு என்மேல் வருத்தமே கிடையாது அய்யா. படத்தைப் பாருங்கள், முகத்திலேயே தெரியும். உதட்டை மட்டும், கடைசியாக, நான்தான் கொஞ்சம் சிரிக்கவைத்தேன்.