ரெண்டு தட்டு போதும்

ஜெயம்: மெதுவா இழுய்யா நாக்காலிய. தரை கத்துது பாரு.

விருத்தாசலம்: நாக்காலியா இது? கட்டிலாட்டம் கனக்குது.

ரோஜா: அப்பா, நல்லா சாஞ்சி குந்து. பஸ்ஸுல கால் சீட்டு குடுத்தாப்ல ஓரத்துல ஒட்டிக்கினு இருக்கற...

விருத்தாசலம்: வல்லத்துலேர்ந்து திண்டிவனம் வரைக்கும் நின்னுக்கினு வந்த ஒடம்பு பாப்பா. இந்த ஏசியில சாஞ்சா தூங்கிடுவேன்.

ஜெயம்: தூங்கு, தூங்கு. பொறந்த நாளு கேக்க நானே தின்னுடறேன்.

விருத்தாசலம்: எனக்கே தெரியாத பொறந்த நாளு! மல்லாட்டைக் கடலச் செடி புடுங்கிக்கினு இருக்கறப்ப வலி வந்துச்சின்னு எங்கம்மா சொல்லும். அது எந்த வருசத்து மல்லாட்டைன்னு ஆருக்குத் தெரியும்?

ரோஜா: அதான் நானே ஒரு நாளு வச்சிட்டேன். இன்னிக்கி.

விருத்தாசலம்: இன்னிக்கின்னா... அப்படி இன்னா விசேசம்?

ரோஜா: சாப்ட்டு முடி, சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன்ப்பா. இது நான் வேல பாக்கற ஓட்டலு. என்கூட வேல செய்றவங்க எல்லாரும் உன்னத்தான் பாத்துக்கினு இருக்காங்க. இன்னிக்கி ஒரு நாளு நீ கவுரவமா குந்தி, கேட்டு வாங்கி, நிம்மதியா சாப்டணும். எனக்காக.

ஜெயம்: நீ கணக்கு எழுதற ஆபீசு ரூம்பு எங்கம்மா இருக்குது?

ரோஜா: அது... மாடியிலம்மா. இப்ப பூட்டியிருப்பாங்க.

ஜெயம்: ஓகோ... மாடியிலயா?

விருத்தாசலம்: விடு ஜெயம். மாடின்னா மாடி.

பிரான்சிஸ்: வணக்கம் சார், வணக்கம்மா. நான் பிரான்சிஸ். இன்னிக்கி உங்க டேபிளுக்கு நான்தான் பரிமாறப் போறேன்.

விருத்தாசலம்: என்னப் போயி சாருங்கறியே தம்பி. மூட்ட தூக்கறவன்ப்பா நான்.

பிரான்சிஸ்: இந்த நாக்காலியில குந்திட்டா எல்லாரும் சார்தான். மடியில துணி விரிச்சிக்கிங்க சார்.

விருத்தாசலம்: வேணாம்ப்பா. அழகா மடிச்சி வச்சிருக்கீங்க. கலைச்சா அப்புறம் ஆரு தொவைக்கறது?

பிரான்சிஸ்: பரவால்ல சார். ஆளுக்கு ஒரு சூப்புக் கிண்ணம், சின்னத் தட்டு, பெரிய தட்டு, கொழம்புக்குக் கிண்ணம்...

விருத்தாசலம்: அய்யோ, இத்தினியுமா? பாப்பாவுக்கு ஒரு தட்டு. எனக்கும் இவளுக்கும் சேத்து ஒண்ணு. ரெண்டு தட்டு போதும். மத்ததெல்லாம் எடுத்துக்கினு போ.

ரோஜா: அப்பா!

விருத்தாசலம்: வாழ எல கெடைக்காதா தம்பி? எலன்னா சுருட்டிப் போட்டுட்டுப் போயிடலாம்.

பிரான்சிஸ்: இங்க எல போடறதில்ல சார்.

ரோஜா: அவரு சொல்றத கேக்காதீங்கண்ணா. நீங்க எல்லாத்தையும் வைங்க.

விருத்தாசலம்: வச்சா வைக்கட்டும். நான் தொட மாட்டேன்.

ரோஜா: ...அம்மா, நீ இன்னா பண்ற? சாப்ட்ட எலும்ப எதுக்குப் பேப்பர்ல மடிக்கற?

ஜெயம்: தட்டுல காஞ்சி ஒட்டிக்கும்டி. அப்பறம் சொரண்டணும்.

ரோஜா: சொரண்டறவங்க சொரண்டிக்குவாங்க. நீ சாப்டு. அப்பா... கறிவேப்பிலையக் கூடவா தின்னுட்ட?

விருத்தாசலம்: கண்ணுக்கு நல்லதாமே.

ரோஜா: வூட்ல தூக்கிப் போடுவியே!

விருத்தாசலம்: வூட்டுக் கறிவேப்பில சும்மா பறிச்சது. இது ஓட்டல் கறிவேப்பில.

ரோஜா: சிரிக்காதம்மா. மீன் கொழம்பக் கிண்ணத்துல ஊத்திக்க. ஏன் ஒரு கிண்ணத்தக் கூடத் தொடல?

ஜெயம்: எண்ணப் பிசுக்கும்மா. சோத்து மேலயே ஊத்தி வழிச்சித் தின்னுட்டா வேல முடிஞ்சிது.

ரோஜா: பேஜாரு பண்றீங்க ரெண்டு பேரும். எவ்ளோ ஆசையா கூட்டிக்கினு வந்தேன்... பக்கத்து டேபிள்ல பாருங்க, எப்படி குந்தி சாப்டறாங்க.

விருத்தாசலம்: பாத்துக்கினுதான் இருக்கேன். ஆளுக்கு அஞ்சு தட்டு. பாதி சோறு அப்படியே கெடக்குது. வயிறெரியுது.

பிரான்சிஸ்: கேக்கு வந்தாச்சி சார். ஹேப்பி பர்த்டே! வெட்டுங்க.

விருத்தாசலம்: வெட்டறேன், வெட்டறேன்... போதும், கையிலயே குடுப்பா. இதுக்கும் ஒரு தட்டா? ம்... பஞ்சாட்டம் இருக்குது. தம்பி, கழுவற எடம் பின்னாலதானே?

பிரான்சிஸ்: கை கழுவவா சார்? இந்தப் பக்கம்.

ரோஜா: அப்பா... தட்ட எதுக்குத் தூக்கற? வை கீழ!

விருத்தாசலம்: ரெண்டுதானே பாப்பா. அலசி வச்சிட்டு ஜல்தியா வந்துடறேன்.

ரோஜா: எல்லாரும் பாக்கறாங்கப்பா! கொல்லப்பக்கம் குந்த வச்சி சோறு போட்டு, எச்சி எலய நீயே எடுத்துக்கினு போன்னு சொல்ற வூடு இல்ல இது. இங்க நீ தட்டு எடுக்கக் கூடாது. அதுக்குத்தான்... அதுக்குத்தான்ப்பா உன்னக் கூட்டிக்கினே வந்தேன்.

பிரான்சிஸ்: குடுங்க சார். நீங்க எடுத்தா மேடம் எங்களத்தான் திட்டுவாங்க.

விருத்தாசலம்: எந்த மேடம்?

பிரான்சிஸ்: உங்க பொண்ணுதான் சார். இன்னிலேர்ந்து இந்த ஹாலுக்கே அவங்கதானே சூப்பர்வைசர்! அய்யய்யோ... இன்னும் சொல்லலியா மேடம்?

ரோஜா: கேக்கு தின்னதும் சொல்லலாம்னு இருந்தேன்ணா. ஆமாப்பா. போன வாரமே சொல்லிட்டாங்க, இன்னிக்கிக் காலையிலதான் பொறுப்பு குடுத்தாங்க. அதான் உனக்கு இன்னிக்கி பொறந்த நாளு வச்சேன்.

ஜெயம்: என் கண்ணு! யோவ், கேட்டியா? இன்னா மரமாட்டம் நிக்கற?

விருத்தாசலம்: கேட்டுது, கேட்டுது... இந்த டிரஸ் போட்ட அத்தினி பேரும் இவ சொன்னா கேப்பாங்களா தம்பி?

பிரான்சிஸ்: கேட்டே ஆவணும் சார். நானும்தான்.

விருத்தாசலம்: அப்ப... தட்டு கழுவறதுக்கு இப்ப ஆரு?

ரோஜா: கோவிந்தம்மான்னு ஒருத்தவங்க வந்திருக்காங்க. அத ஏன்ப்பா கேக்கற?

ஜெயம்: சொல்லிடுய்யா. இன்னும் இன்னாத்துக்கு மறச்சிக்கினு?

ரோஜா: எத மறச்சீங்க?

விருத்தாசலம்: மாசி மாசம் மார்க்கெட்டுக்கு மல்லாட்டை லோடு வந்தப்ப, அப்படியே உன்னப் பாத்துட்டுப் போலாம்னு இங்க வந்தேன் பாப்பா. வாட்ச்மேன் பின்பக்கம் கை காட்டினாரு. மல மாதிரி தட்டு, நடுவுல நீ. முழங்கை வரைக்கும் சோப்பு நொர.

ரோஜா: ...வந்தியா? ஏன்ப்பா கூப்டல?

விருத்தாசலம்: கூப்ட்டா ஆபீசுன்னு சொன்ன நீ தல குனிஞ்சிடுவ. நீ எதுக்குக் குனியணும்? ஆனா லாரியில போறப்ப அத்தினி பேருகிட்டயும் சொன்னேன், எம்பொண்ணு கழுவன தட்டுல மூஞ்சி பாக்கலாம்னு. ஊருக்கே தெரியும் பாப்பா, உனக்குத்தான் தெரியாது. இன்னிக்கி உன் கைக்கு நாலு தட்டாவது கொறையட்டும்னு பாத்தேன்... இப்ப இன்னா, கோவிந்தம்மாவுக்குக் கொறையட்டும். வழி வுடுங்க மேடம்.